கொஸ்லந்தைக்குத் திரும்பி வந்த மிஸ்ஸி

காலை ஐந்து ஐம்பது. அக்காவின் அறைக்குள் நான் நுழைந்தபோது முதலில் கண்டது, குமாரி மிஸ்ஸி கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, வெள்ளைத் துணிக் கீற்றால் அக்காவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்ததை. குமாரி மிஸ்ஸி அக்காவோடு வேலை பார்த்த சிங்கள மிட்வைஃப். எங்கள் முறைகளை அக்காவிடமே அறிந்தவர்.

அக்கா இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். அக்கா பதுளையில் மிட்வைஃப் பயிற்சி முடித்து, பிறந்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்தார். அன்றுமுதல், தோட்டத்தில் மிட்வைஃபை அழைக்கும் வழக்கப்படி, எல்லோருக்கும் அவர் 'மிஸ்ஸி'. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, டெட்டோல் வாசனை, பிரசவ வார்டின் ஜன்னலை மூடும் பனி, அதற்குள்ளிருந்து கேட்கும் அவர் குரல்: "கத்துடி, நல்லாக் கத்து. பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிற ஒம் புருஷனுக்குக் கேக்கட்டும்!" வலியோடு அந்தப் பெண்ணும் சிரித்துவிடுவாள்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தன. லொறியில் வந்தவர்கள் எங்கள் லயத்துக்கும் வார்டுக்கும் தீ வைத்தார்கள். பிள்ளை பெற்றுக் கிடந்த இரு தாய்மாரை அக்கா கைத்தாங்கலாகத் தேயிலை மலைக்குள் இறக்கினார். பின்னர் நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறித் தமிழ்நாட்டில் கோத்தகிரி சேர்ந்தோம். அவருடைய மிட்வைஃப் சான்றிதழ் அங்கே செல்லுபடியாகவில்லை. கொழுந்து பறித்தார். இலங்கையில் 'இந்தியாக்காரி'யாக இருந்தவர் அங்கே 'சிலோன்காரி' ஆனார்.

சில வருடங்கள் கழித்து ஒருநாள், "நான் திரும்பிப் போறேன்டா தம்பி" என்றார்.

"எரிச்சுவிட்ட எடத்துக்கா? அங்க என்னக்கா இருக்கு?"

"புள்ள பொறக்குறது நின்னுருச்சா? எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேலைதான்."

இலங்கைக் குடியுரிமை இருந்ததால் வர முடிந்தது. நானும் உடன் வந்து, ஒரு பத்திரிகையில் நிருபரானேன். வார்டைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அக்காவின் இடத்தில், பயிற்சி முடித்த கையோடு வந்த குமாரி மிஸ்ஸி இருந்தார். அவருக்குத் தமிழ் அதிகம் தெரியாது. வேலை காலியில்லை என்றது தோட்ட நிர்வாகம்.

கலவரத்துக்குப் பிறகு, பெண்களுக்குச் சிங்கள மிட்வைஃபிடம் போகப் பயம். ஒருத்தி இடுப்பு வலியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஒங்க கை ராசிங்க மிஸ்ஸி. இங்கேயே பாத்துடுங்க."

நான் அக்காவைத் தனியே அழைத்தேன். "நாலு பிரசவம் வீட்டுல பாருக்கா. வார்டு காலியாக் கெடந்தா ஒன் வேலை தானா வந்துரும்."

"ரத்தம் நிக்காமப் போனா ஒம் பேப்பரை வச்சா கட்டுவேன்?" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "ராசி கையில இல்லடி, கொதிக்கிற தண்ணியில இருக்கு. நட!"

வார்டு வாசலில் அவளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியவரின் கையைக் குமாரி மிஸ்ஸி பிடித்துக்கொண்டார். "அக்கா, போக வேணாம். இவங்க சொல்றது எனக்கு விளங்குது இல்ல. பயமா இருக்கு."

அக்கா உள்ளே போனார். அதன்பின் நிர்வாகம் அவரை மிட்வைஃபாக அல்ல, வார்டில் எடுபிடி வேலை பார்க்கும் அட்டெண்டன்டாக எடுத்துக்கொண்டது. அந்த வார்டில் இருவரும் சேர்ந்தே பிரசவம் பார்த்தார்கள்.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகி, அக்கா பதுளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தார். அங்கே கவனித்த தாதியருக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அடைமழையில் பாடை சுமந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், பெரகலயிலிருந்து வந்து, காரியங்கள் முடியும்வரை முப்பது நாளும் உடனிருந்த சொந்தங்களுக்கும், குமாரி மிஸ்ஸிக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அக்கா அட்டெண்டன்டாகவே ஓய்வு பெற்றார்.