தூக்கும் வேலையை எடுத்துவிட்டார்கள்

நான் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்க ஊர். இங்கே எழவு விழுந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பந்தல் இருக்காது, மேளம் இருக்காது, வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்காது. அதனால்தான் பக்கத்து வீட்டு டேரன் ஒரு காலையில் வாசற்படியில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் தப்பாக நினைத்துவிட்டேன். சுரங்கத்தில் பெரிய லாரி ஓட்டுகிறவன், ஐம்பது வயது, ஆறடி ஆள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நம் ஊர் வழக்கப்படி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, போய் வருகிறேன் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். துக்க வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாதே. மறுநாள் அவன் மனைவி ஒரு கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, எங்கள் மேல் உங்களுக்கு என்ன கோபம், பேசாமல் உட்கார்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்களாமே என்று கேட்டாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. யாரும் சாகவில்லை. டேரனும் நானும் விளையாடும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் வருகிறது. அதில் என்னென்ன மாற்றப் போகிறார்கள் என்று கம்பெனி படம் போட்டுக் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவன் அப்படி உட்கார்ந்திருந்தான்.

படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் நானும் என் வீட்டுப் படியில் அதே மாதிரி உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலை வாழவந்தி நாட்டில் பிறந்தவன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்போம். படிப்பு ஆறாவதோடு சரி. திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் பைப் தூக்கிப் போடும் ஆளாக ஏறினேன். அந்த லாரியோடு பாதி இந்தியா, அப்புறம் ஆப்பிரிக்கா, அப்புறம் இந்தச் செம்மண். இன்றைக்கு என் பெயர் எழுதிய, துளை போடும் ரிக்குகள் இங்கே ஓடுகின்றன. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் என் ஆபீசில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். யாரும் கைதூக்கி விடவில்லை, எல்லாம் நானே ஏறியது. நாலு வருடம் முன்னால் ரிக்கில் ஒரு ராடு நழுவி என் முதுகில் விழுந்தது. படுக்கையில் கிடந்தேன். சும்மா கிடக்கத் தெரியாதவன் நான். பார்க்க வந்த டேரன் தன் பழைய விளையாட்டு மெஷினைக் கொண்டுவந்து மாட்டி, இதை ஆடு என்றான். அதன் இங்கிலீஷ் பெயர் என் வாயில் நிற்காது. நான் அதைக் கணவாய் என்றுதான் சொல்வேன். பனி மலை, பேய்கள், ஓநாய்கள், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜ்யம், அந்தப் பக்கம் ஒரு ராஜ்யம். உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் ஏறுவார்கள். நான் கோடாலிக்காரன். எப்போதும் முன்னால் நிற்பேன், அதனால் எப்போதும் முதலில் விழுவேன்.

அந்த ஆட்டத்தில் விழுந்தவன் சாவதில்லை. அடிபட்டுக் கிடப்பான். இன்னொருவன் அவனைத் தோளில் போட்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கூடாரம் வரை தூக்கிப் போக வேண்டும். தூக்கினவன் கையில் ஆயுதம் எடுக்க முடியாது, ஓட முடியாது. அரை மணி நேரம்கூட ஆகும். இளவட்டங்கள் பாதியில் போட்டுவிட்டுப் போய்விடும். இதற்கென்றே சுமைக்காரன் என்று ஒரு வேஷம் உண்டு. அதை எடுத்துக்கொள்ள யாருக்கும் பிரியமில்லை. என் தம்பி செல்லன் எடுத்துக்கொண்டான்.

செல்லன் மலையைவிட்டு இறங்காதவன். மிளகுக் கொடி ஏறிய சவுக்கு மரத்தில் அணில் மாதிரி ஏறுவான். சோளக்காட்டுச் சந்தைக்கு மூட்டையைத் தலையில் வைத்தே கொண்டுபோவான். சர்க்கரை அவனைப் பிடித்தது. காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. சேலத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் கட்டிலில் உட்கார்ந்த இடத்திலிருந்து யாரிடமும் பேசவில்லை. போனில் நான் கூப்பிட்டால் ம் என்பான். டேப்லெட் ஒன்று வாங்கி அனுப்பி, கணவாயைக் காட்டிக்கொடுத்தேன். முதல் நாளே நான் ஓநாயிடம் அடிபட்டு விழுந்தேன். அவன் என்னைத் தூக்கித் தோளில் போட்டான், மலை முழுக்க நடந்தான். அன்றைக்குத்தான் போனில் அவன் சிரிப்பைக் கேட்டேன்.

சின்ன வயதில் எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. உடம்பு சரியில்லாதவரைக் கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, ஆட்கள் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தோள் மாற்றலாம், தரையில் வைக்கக்கூடாது. வைத்தால் அந்த உயிர் அங்கேயே தங்கிவிடும் என்பார்கள். எங்கள் அப்பன் மரத்திலிருந்து விழுந்தபோது ஊரில் ஆம்பிளைகள் எல்லாம் மலையிலேயே வேறு நாட்டுக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். முன்னால் நான், பின்னால் செல்லன். எனக்கு மீசை அரும்பவில்லை, அவன் என் தோளுக்குத்தான் வருவான். பாதி இறக்கத்தில் அப்பனின் முனகல் நின்றுபோனது. நான் நின்றேன். பின்னாலிருந்து செல்லன், நடங்கண்ணா என்றான். நடந்தோம். கீழே வரை கொண்டுபோய், அங்கே இருந்தவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு, அதே மூங்கிலில் மேலே கொண்டுவந்தோம். தரையில் வைக்கவில்லை.

கணவாயிலும் செல்லன் அந்தக் கட்டுப்பாட்டை விடவில்லை. ஓநாய் வந்தால் தூக்கினவனைக் கீழே போட்டுவிட்டுச் சண்டை போடலாம், ஆட்டத்தில் அதற்கு இடமுண்டு. இவன் போடமாட்டான். கடி வாங்கிக்கொண்டே நடப்பான், சில தடவை இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள். முதலில் மற்ற ஆட்டக்காரர்கள் அவனை முட்டாள் என்று எழுதினார்கள். நான் அதை அவனிடம் படித்துச் சொல்லவில்லை. அப்புறம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் ஆட்கள் பனியில் விழுந்து கிடந்துகொண்டு, அந்தச் சுமைக்காரன் வருவானா என்று கேட்டார்கள். ஊரில் காலில்லாத ஆள், அங்கே உலகத்தையே தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவன். காலையில் குளித்து, திருநீறு வைத்துக்கொண்டுதான் அந்த டேப்லெட்டை எடுப்பான் என்று அவன் மனைவி நல்லம்மா சொன்னாள்.

இரண்டாம் பாகத்தில் அந்த வேலையைத்தான் எடுத்துவிட்டார்கள். விழுந்தவன் உடனே வெளிச்சமாக மாறி மறைந்துவிடுவான். அவன் எந்த ஊரைத் தன் ஊர் என்று ஆரம்பத்தில் தேர்ந்தெடுத்தானோ, அந்த ஊர்க் கோயிலில் புதுத் துணியோடு எழுந்து நிற்பான். தூக்க யாரும் வேண்டாம். சுமைக்காரன் வேஷமே கிடையாது. பழைய ஆட்டத்தையும் சில மாதத்தில் மூடிவிடுவார்கள். டேரன் மாதிரி ஆட்கள் கொந்தளித்து எழுதிக் குவித்தார்கள். நானும் எழுதினேன். நான் சொல்லச் சொல்ல டேரன் டைப் அடித்தான். என் தம்பிக்கு ஒரு கால் இல்லை, தூக்குகிற வேலையை மட்டும் அவனுக்கு விட்டுவையுங்கள், அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. உடல் குறை உள்ளவர்களை நாங்கள் மறக்கவில்லை, புதிய ஆட்டத்தில் பட்டன்கள் பெரிதாக இருக்கும், நடப்பதுகூடத் தானாகவே நடக்கும், உங்கள் தம்பி இனி எந்தச் சிரமமும் பட வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார்கள். என் தம்பிக்குச் சிரமம்தான் வேண்டும் என்று மறுபடி எழுதினேன். அதற்கும் நன்றி சொன்னார்கள்.

புது ஆட்டம் வந்ததும் நான் டிக்கெட் போட்டு ஊருக்கு வந்துவிட்டேன். போனில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வாழவந்தியில் அவன் வீட்டில் உட்கார்ந்து, இப்படி மாற்றிவிட்டார்கள் கண்ணு, அடிபட்டவன் காணாமல் போய்விடுவான் என்று பொறுமையாகச் சொன்னேன். செல்லன் என்னை விவரமில்லாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அடிபட்டவன் காத்துல கரைஞ்சு போயிருவானுங்களா? அதெல்லாம் படம் காட்டறதுக்குண்ணா. உள்ள போனா ஆளு கெடப்பான், பாருங்க."

நல்லம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "ஏனுங்க மாமா, இருக்கற மலையில மொளகு பறிக்க ஆளில்லீங்க, அண்ணனும் தம்பியும் இல்லாத மலையில போயி ஏறிக்கிட்டு இருக்கறீங்க" என்றாள். செல்லன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் புது ஆட்டத்தில் இறங்கினோம். அவன் கட்டிலில், நான் என் டேப்லெட்டோடு பக்கத்தில் நாற்காலியில். உன் ஊர் எது என்று முதலில் கேட்டது. கடற்கரையில் பெரிய துறைமுகப் பட்டணம் ஒன்று பளபளவென்று இருந்தது, நான் அதைத் தொட்டேன். செல்லன் மலை உச்சியில் பத்துக் குடிசை இருந்த ஊரைத் தொட்டான். சுமைக்காரன் இல்லாததால் கையில் கோல் பிடித்த வழிப்போக்கன் வேஷம் எடுத்துக்கொண்டான். படம் முன்பைவிட ஆயிரம் மடங்கு அழகு, பனியைப் பார்த்தாலே குளிர்ந்தது. பாதிச் சரிவில் ஓநாய்கள் வந்தன. நான் வழக்கம் போல் முன்னால் போய் நின்றேன், வழக்கம் போல் விழுந்தேன். என் திரை வெள்ளையாகிப் போனது. அடுத்த நொடி துறைமுகக் கோயிலில் பட்டுத் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். மணி அடித்தது. முன்பின் தெரியாத ஆட்கள் கையை வீசிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

செல்லனின் டேப்லெட்டை எட்டிப் பார்த்தேன். ஓநாய்கள் போய்விட்டிருந்தன. நான் விழுந்த இடத்தில் அவன் நின்றிருந்தான். குனிந்தான். அந்த இடத்தில் பனி மட்டும்தான் இருந்தது. ஒரு சுற்று சுற்றினான், பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தான்.

"செல்லா, நான் பட்டணத்துல இருக்கறேன் கண்ணு. எந்திரிச்சுட்டேன்" என்று என் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவன் அதை நன்றாகப் பார்த்தான். கோயிலையும் விளக்கையும் என் புதுத் துணியையும் பார்த்தான். அப்புறம் தன் திரைக்கே திரும்பிக்கொண்டான்.

"நீங்க அங்க எந்திரிச்சிருக்கலாங்க. உடம்பு இங்கதானுங்கண்ணா கெடக்கோணும்."

வெட்டுப்பட்ட காலின் மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, திரையில் அவன் கோலால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தபடி சரிவில் மேலே போய்க்கொண்டிருந்தான். கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.