சட்டைப்பையில் மடித்த சீட்டு

என் மகளுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். புத்தூரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு நாள் சாப்பிட்டதில் கைகள் சிவந்து தடித்தன. வெயில் காலம், வேர்க்குரு என்று நினைத்து மோர் கொடுத்தேன். காய்ச்சல் விடாததால் திருப்பதிக்குப் பஸ் ஏறினோம்.

எங்கள் பக்கத்தில் புது டாக்டரிடம் பழைய டாக்டரின் சீட்டைக் காட்ட மாட்டோம். 'அப்படியென்றால் அவரிடமே போ' என்று முகம் சுளிப்பாரோ என்ற பயம். பி.எட். படித்த நானும் சீட்டையும் ரத்த ரிப்போர்ட்டையும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துவைத்தேன்.

ஏதாவது மருந்து சாப்பிட்டாளா, எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றேன். மகள் கண்மூடிக் கிடந்தாள். முழுக்கைச் சுடிதார் தடிப்பை மறைத்திருந்தது.

நர்ஸ் ஊசி மருந்தோடு வந்தபோதுதான் கண் திறந்தாள். குப்பியின் மேலிருந்த பெயரைப் படித்தாள்.

"நைனா, நான் துன்ன மாத்திரையும் இதே பேருதானே? அதுக்கப்புறம்தானே கையெல்லாம் தடிச்சிச்சி?"

நர்ஸின் கை நின்றது. டாக்டரம்மா வந்து மகளின் சுடிதார் கையைச் சுருட்டிப் பார்த்தார். வியர்வையில் நனைந்திருந்த சீட்டையும் ரிப்போர்ட்டையும் எடுத்து நீட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தமிழில் மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் கோவிச்சிக்கினா ரெண்டு நிமிஷத்துல போயிடும் சார். இத போட்டிருந்தா பொண்ணுக்கு மூச்சே அடைச்சிருக்கும்."



ரிப்போர்ட் இருந்ததால், எழுதியிருந்த பரிசோதனைகளில் இரண்டை அடித்துவிட்டார். மருந்தை மாற்றினார். தயங்கித் தயங்கி, இதிலேயே விலை குறைந்தது கிடைக்குமா என்று கேட்டேன். கோபப்படவில்லை. கம்பெனிப் பெயரை அடித்து மருந்தின் பெயரை எழுதி, ஜெனரிக் கடையில் வாங்கச் சொன்னார். ஃபைலின் மேல் சிவப்பு மையில், கொடுக்கக் கூடாத மருந்தின் பெயரை எழுதினார். எந்த டாக்டரிடம் போனாலும், கேட்காவிட்டாலும் இதை நீங்களே முதலில் சொல்லுங்கள் என்றார்.

சாயங்காலம்வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அடிக்கொருதரம் அவள் சுடிதார் கையை விலக்கித் தடிப்பைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வடமாலப்பேட்டை தாண்டியதும் விழித்துக்கொண்டாள்.

"பயந்துட்டியா நைனா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். காலையில் அவ்வளவு சுலபமாக இரண்டு முறை வந்த சொல் அது.

"ஆமாம்மா" என்றேன்.