ஆறு அங்குலம்

நகரியில் நாங்கள் இருந்த வீட்டுக்கும் என் கணவரின் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். எங்கள் ஊர் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்ற பேச்சு வலுத்தபோது, சித்தப்பா தன் பாகத்தை எங்களுக்கே விற்றுவிட்டுக் குடும்பத்தோடு அரக்கோணம் போய்விட்டார். நாங்கள் நடுச்சுவரை இடித்து வாசல் வைத்தோம். அவர்கள் சமையலறை பெரியது, புகை தங்காது. சமையலை அங்கே மாற்றிக்கொண்டோம்.

வாசல் வைத்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் தரை எங்கள் கூடத்தைவிட ஆறு அங்குலம் தாழ்வு.

மற்றவர்களுக்கு அது ஒரு படி. எனக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. அதைத் தூக்கி வைக்க முடியாது, இழுத்துத்தான் வைப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் என் காலைப் பற்றிப் பேசியதில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். நானும் யாராவது பார்க்கும்போது நடக்காமல் நின்றுகொள்வேன்.

ஒரு காலையில் கொதிக்கும் கஞ்சியோடு அந்தப் படியில் விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது. அன்று மாலையே என் கணவர், தரையைச் சமப்படுத்திவிடலாம் என்றார். அவர் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். எல்லை முடிவாகாத ஊரில் அவருக்கே அடுத்த வருஷம் வேலை இருக்குமோ என்ற பயம். மாமியார், ஊர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் இந்த வீட்டில் காசைப் போடுவதா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஆனாலும் என் கணவர் சொல்லியனுப்பி, கொத்தனார் வந்தார். தெலுங்குக்காரர், தமிழும் கலந்து பேசுவார். சமையலறை முழுவதையும் உயர்த்த வேண்டுமானால் வண்டி வண்டியாக மண் அடிக்க வேண்டும், கதவுகளைக் கீழே அறுக்க வேண்டும், நமக்குக் கட்டாது என்றார். வாசலை ஒட்டி ஒரு சரிவு மட்டும் போட்டால் போதும். இடித்த சுவரின் செங்கல் கொல்லையில்தான் கிடக்கிறது. சுண்ணாம்பும் மணலும் வாங்கினால் முடிந்தது.

எவ்வளவு நீளம் என்று என் கணவர் கேட்டதற்கு, மூன்றடி போதும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நடக்கப் போறது நீதானேம்மா. ஒரு தரம் நடந்து காட்டு."

ஒரு பலகையின் ஒரு முனையைக் கூடத்துத் தரையில் வைத்து மறுமுனையைக் கீழே இறக்கினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று பேர் பார்க்க நடந்தேன். பாதி தூரத்தில் கால் வழுக்கிச் சுவரைப் பிடித்தேன். படியே தேவலை என்று தோன்றியது. அவர் இன்னும் நீளமான பலகை கேட்டார். ஐந்தடியில் மறுபடி நடந்தேன். அப்போதும் இடுப்பு வலித்தது.

அதுவரை தள்ளி நின்ற மாமியார், தண்ணீர் நிறைந்த ஒரு குண்டானைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"வெறுங்கையோடவா நடக்கப் போற? இத தூக்கிக்கினு நட. எங்க நோவுதுன்னு வாயத் தொறந்து சொல்லு. இத்தினி நாளா நீ சொல்லல, நாங்களும் கேக்கல."

சொன்னேன். ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் பயம் என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கூடத்தில் கிடந்த பெஞ்சின் பலகையை என் கணவர் கழற்றிக் கொண்டுவந்தார். ஆறரை அடி. குண்டானோடு மேலே போய்த் திரும்பி இறங்கினேன். தண்ணீர் தளும்பவில்லை.

"சரிபோயிந்தி, சரியாப்போச்சு," என்று கொத்தனார் கரிக்கோடு போட்டார்.

செங்கல்லை உடைத்துக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசினார்கள். காரை ஈரமாக இருக்கும்போதே கொத்தனார் கயிற்றைக் குறுக்கே அழுத்தி வரி போட்டார், கால் வழுக்காமலிருக்க. இரண்டு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். அந்த நாட்களில் மாமியார்தான் சமைத்ததையெல்லாம் தூக்கிக் கொடுத்தார்.

பிறகு எல்லை முடிவானது. திருத்தணி சென்னைப் பக்கம் போனது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. தெருவில் சிலர் மூட்டை கட்டினார்கள். என் கணவரின் வேலை போகவில்லை. அதே வாரம் மாமியார் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினார். கிணற்றங்கரைக்கு இறங்கும் இடத்தில் இரண்டு படி இருக்கிறதாம், அதையும் வந்து பார்க்கச் சொன்னார். அவர் வந்ததும் யாரும் சொல்லாமலே நான் முன்னால் போய் நடந்து காட்டினேன்.