மூன்று வீட்டுக்கு ஒரு மாடு

நீலகிரி மலையிலுள்ள பிக்கட்டியிலிருந்து தங்கமணி அக்கா பஸ்ஸில் போட்டுவிட்ட பூண்டு மூட்டையை நேற்று கோவையில் எங்கள் வீட்டில் பிரித்தேன். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அந்த நெடியில் ஒரு மாடு நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மலைக் கிராமங்களில் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம். கழுத்தில் மஃப்ளர், தோளில் பை, பைக்குள் எந்நேரமும் ஊட்டி வர்க்கி பிஸ்கட். என் வயிறு அப்படி. சொந்த நிலம் இல்லாத பெண்களுக்கு அப்போது கறவை மாட்டுக்கு மட்டும்தான் கடன். வாங்கிய மாட்டோடு அவர்களை நிற்கவைத்துப் படம் எடுப்பது என் பொறுப்பு.

தங்கமணி அக்கா வீட்டு மாடு ஜோராக நின்றது. ஆசையாக ஒரு வர்க்கி கொடுத்தேன். அடுத்தது செல்வி வீடு. "குளுருல வந்திருக்கீங்க, மொதல்ல டீயக் குடிங்க" என்று உட்காரவைத்தாள். பிறகு ராணி வீடு, அங்கும் டீ. என்ன உபசாரம் என்று உருகிப்போனேன். ராணி வீட்டு மாடு என்னைக் கண்டதும் நேராக வந்து பைக்குள் மூக்கை நுழைத்து வர்க்கி தேடியது. நான் ஊதி ஊதி டீ குடித்த நேரத்தில், முட்டைக்கோஸ் தோட்டத்துக் குறுக்குவழியில் அதே மாட்டை ஓட்டி வந்திருக்கிறார்கள்!

மூச்சிரைக்க வந்து நின்ற தங்கமணி அக்கா எதையும் மறைக்கவில்லை. "ஏனுங்க, காலம்பூரா அடுத்தவங்க தோட்டத்துல கேரட் புடுங்கியாச்சு. மாடு ஒண்ணு போதும்னு, மிச்சக் கடன் காசுல எங்க மூணு பேரு பேர்லயே ஒரு தோட்டத்தக் குத்தகைக்குப் புடிச்சுப் பூண்டு போட்டிருக்கறோமுங்க. இப்பக் கடனத் திருப்பிக் கேட்டா தோட்டம் போயிருமுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை, வேலை போய்விடுமோ என்ற பயம்தான் வந்தது. மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னேன். அவரே மலையேறி வந்தார். பச்சைப்பசேலென்று நின்ற பூண்டை வெகுநேரம் பார்த்தார். செல்வி அவருக்கும் டீ நீட்டினாள். "இதக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னும் எத்தன மாடும்மா வரும்?" என்றார். கடனைத் திருப்பிக் கேட்கவில்லை. அறுவடை முடிந்ததும் எங்கள் நிறுவனத்தில் பூண்டுக்கும் கடன் வந்தது.

மூட்டை வந்து சேர்ந்ததென்று சொல்ல அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இப்பெல்லாம் போன்லயே கடன் வந்துருதுங்க. எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

"நல்லதுதானே அக்கா?"

"நல்லதுதானுங்க. ஆனா, ஏமாத்தறதுக்குக்கூட ஒரு ஆளு ஊட்டுக்கு வர்றதில்லீங்களே!"