பொம்மை மேசையில் ஒரு வாள்

இருபத்தேழு வருடம் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்துவிட்டு ஆர்டிஸ் டெல்வோ ஓய்வு பெற்ற நாளில், கம்பெனிக்காரர்கள் கேக் வெட்டி, விண்வெளிப் படங்களில் வருவது போல எரிந்து சத்தம் போடும், கடையில் வாங்கிய ஒரு ஒளிவாளைப் பரிசாகக் கொடுத்தார்கள். மாட்டுக் கொட்டகையின் இருட்டு மூலைகளில் நீள டார்ச்சை வீசிக்கொண்டு "எவன் இந்த ஒயரை இப்படி முறுக்கி வச்சது?" என்று அவள் போட்ட சத்தத்தின் நினைவாக. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு வீடு வரை தாங்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனிக்காலம் முடிந்த கையோடு சாலைகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சீட்டில் கிடந்த வாள், எதிரியின் வாளோடு மோதியதாக நினைத்துக்கொண்டு 'கிளாங்' என்றது.

"ஒண்ணும் இடிக்கல. ஆனா இடிச்சிட்டாங்க, இடிச்சிட்டாங்கன்னு ஊரைக் கூட்டுது. உங்க அக்கா மாதிரியே" என்றாள் கணவன் வில்மரிடம்.

"அக்காவுக்கு பேட்டரியக் கழட்ட வழியில்லையே" என்றார் வில்மர், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மற்றவர்களாக இருந்தால் அதை அலமாரியில் வைத்து மறந்திருப்பார்கள். ஆர்டிஸுக்கு அது அவமானமாகப் பட்டது, தனக்கல்ல, தொழிலுக்கு. கடைசிப் பத்து வருடம் அவள் மாடுகளின் கழுத்துப் பட்டையில் அசைவை அளக்கும் சில்லுகளைப் பொருத்தியவள். மாடு பருவத்துக்கு வந்து அலைவதையும், சும்மா கம்பத்தில் கழுத்தைச் சொறிவதையும் அந்தச் சில்லு பிரித்துச் சொல்லும். மாட்டுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கிற உலகத்தில், மனிதன் கையில் பிடிக்கிற வாளுக்குக் குலுக்கலுக்கும் வெட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் என்ன நியாயம்?

மறுவாரமே வாளின் குடலை உருவிக் குப்பையில் போட்டாள். கட்டைவிரல் அளவே உள்ள நல்ல சவுண்ட் போர்டு ஒன்றை வரவழைத்தாள். அசைவை உணரும் சில்லு அதிலேயே இருந்தது. அலுமினியக் கைப்பிடியும் அவளே கடைந்ததுதான். பால் குழாய் இணைப்பில் மிஞ்சிய துண்டு. போர்டு தளர்வாக உட்கார்ந்தால் தன் ஆட்டத்தையே மோதல் என்று எண்ணிக்கொள்ளும் என்பதால், அதற்கு ஒரு தொட்டில் செய்து, முடுக்கி, அசையாமல் வைத்தாள். ஸ்பீக்கரை அடிமூடியின் ஓட்டைகளைப் பார்த்தபடி பொருத்தினாள். சார்ஜ் ஏற்றும் துளைக்கு ஒரு சிவப்புச் சொருகி. அதைச் சொருகினால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு வாள் உறங்கும், பிடுங்கினால் விழிக்கும்.

வேலை அதோடு முடியவில்லை. எவ்வளவு சடாரென்று நின்றால் மோதல், எவ்வளவு திரும்பினால் வீச்சு என்பதெல்லாம் சின்ன மெமரி கார்டில் எண்களாக எழுதி வைக்க வேண்டும். வில்மர் எதிராளியாகத் துடைப்பக் கட்டையோடு கராஜில் நின்றார். முதல் எண்ணுக்கு, அவர் தும்மினாலே வாள் மோதல் சத்தம் போட்டது. இன்னொரு எண்ணுக்கு, கட்டை இரண்டாக முறிந்தும் வாள் வாயைத் திறக்கவில்லை.

"நான் தோத்துட்டேன்னு எழுதிக்கோயேன், சாப்பிடப் போகலாம்" என்றார்.

"நீ தோத்தது அதுக்குத் தெரியலயே. அதானே பிரச்சினை!"

ஒன்பது நாள், மூன்று துடைப்பம். கடைசியில் அடித்தால் சத்தம் கொடுத்தது, குலுக்கினால் சும்மா இருந்தது.

சத்தங்களையும் அவள் பிறரிடம் வாங்கவில்லை. ஒளிவாளுக்கு எல்லோரும் போடும் அந்த 'வூம்' அவளுக்கு எரிச்சலூட்டியது. பக்கத்துப் பண்ணையில் கறவை நேரத்தில் ஒலிப்பதிவு செய்தாள். வாள் எரியும்போது, பாலை உறிஞ்சும் வெற்றிடப் பம்பின் உறுமல். அடியில் கறவைக் கருவியின் 'டிக்-டக், டிக்-டக்'. மோதினால் மாட்டின் கழுத்துக் கம்பியைப் பூட்டும் இரும்புச் சத்தம். வீசினால் பம்பின் சுருதி ஏறும்.

இதைத்தான் அவள் ஆகஸ்ட் மாதத்து மாவட்டக் கண்காட்சிப் போட்டியில் பதிவு செய்தாள், கைவினைப் பிரிவில். கைவினைக் கூடத்துக் கண்காணிப்பாளர் நார்பர்ட் லெஜூன் அவளோடு பள்ளியில் படித்தவர், மரத்தில் வாத்து செதுக்குகிறவர்.

"லைட் எரியுது, சத்தம் போடுது, கையில பிடிச்சு ஆட்டுறாங்க. இதுக்குப் பேரு பொம்மை, ஆர்டிஸ்."

"உன் வாத்துகூடத்தான் தண்ணில மிதக்கும். அதைக் குளிக்கிற தொட்டியிலயா வச்சிருக்க?"

கண்காட்சிக் குழு கூடி ஒரு சமரசம் செய்தது. இந்த ஆண்டு மட்டும் 'மின் கைவினை' என்று ஒரு தனி மேசை. நடுவர் இதைக் கைவினை என்றால் மேசை நிலைக்கும். பொம்மை என்றால் வாள் பொம்மை மேசைக்குப் போகும், மின் கைவினை என்ற பேச்சே இனிமேல் இல்லை. ஆர்டிஸ் ஒப்புக்கொண்டாள். தோற்போம் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கண்காட்சியின் ஏழாம் விதியையும் எட்டாம் விதியையும் எழுதியவள் ஆர்டிஸ்தான். மூன்று ஆண்டுக்கு முன் நார்பர்ட் தன் வாத்தைப் பற்றி நடுவருக்கு இருபத்தைந்து நிமிடம் விளக்கவுரை நிகழ்த்தினார். பிறகு அவரைப் பூயா எனும் அந்த ஊர்க் கோழிக் குழம்பு கொதிக்கும் அண்டாவுக்கு அழைத்துப் போய் ஊற்றிக் கொடுத்தார். திரும்பி வந்தபோது மூன்றாம் பரிசு முதல் பரிசாகியிருந்தது. ஆகவே ஏழாம் விதி: பொருளைச் செய்தவர், நடுவர் வேலை முடியும் வரை மேசைகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இப்பால் வாய்மூடி நிற்க வேண்டும், பொருள்தான் பேச வேண்டும். எட்டாம் விதி: தீர்ப்புச் சீட்டை ஊசியால் குத்திய பிறகு நடுவர் தீர்ப்பை மாற்றக் கூடாது.

நடுவர் ஹெஸ்டர் க்வாம் வெளி மாவட்டத்துக்காரர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டவர். வாளைக் கையில் எடுத்தார். பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

கயிற்றுக்கு இப்பால் ஆர்டிஸுக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்தது. காலையில் வண்டியில் எங்காவது பொத்தான் அழுந்தி விழித்துக்கொள்ளக் கூடாதே என்று சிவப்புச் சொருகியை அவளேதான் சொருகியிருந்தாள். அது அங்கேயே இருந்தது.

"சொல்லேன்" என்று கிசுகிசுத்தார் வில்மர்.

"மாட்டேன்."

"ஒரே வார்த்தைதான். 'பிடுங்குங்க'ன்னு."

"விதி."

நார்பர்ட் கயிற்றோரம் நடந்து வந்தார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "நான் வேணா சொல்லட்டுமா? நான் கண்காணிப்பாளர். எனக்கு அந்த விதி பொருந்தாது."

"உனக்குப் பொருந்தணும்னுதானே அதை எழுதினதே!"

எதிரியின் அயோக்கியத்தனத்தை ஆர்டிஸ் ஆயுள் முழுக்கத் தாங்கியிருக்கிறாள். அவருடைய இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஹெஸ்டர் க்வாம் இதற்குள் சிவப்புச் சொருகியைக் கண்டுபிடித்து, விரலால் தடவி ரசித்து, சீட்டு எழுதிக் குத்திவிட்டார்: 'பொம்மை. ஓடவில்லை. சிவப்பு மணி பதித்த அலங்காரம் நன்று.'

"அலங்காரமாம்!" என்றாள் ஆர்டிஸ். கயிறு அவிழும் வரை அதையே ஏழெட்டு முறை சொன்னாள்.

வாள் பொம்மை மேசைக்குப் போனது. ஒரு பக்கம் துணி முயல், மறு பக்கம் மர டிராக்டர். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அதுவும் ஒரு விதி, ஆனால் அவள் எழுதியதல்ல. கயிறு அவிழ்ந்ததும் நேராக அங்கே போனாள். எதையும் நிரூபிப்பதற்கல்ல. ஒன்பது நாள் உழைத்தது வீணில்லை என்று தனக்குத் தெரிந்தால் போதும். சொருகியைப் பிடுங்கிப் பொத்தானை அழுத்தினாள். நடுவருக்காகச் சத்தத்தை முழுசாக வைத்திருந்தது அவள் நினைவில் இல்லை.

தகரக் கூடம் அதிர்ந்தது. பம்பு உறுமியது. டிக்-டக், டிக்-டக்.

ஊறுகாய் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து விவசாயிகள் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "மூணரைதானே ஆகுது?" என்றார் ஒருவர். அதற்குள் தகரச் சுவருக்கு அப்பால், கண்காட்சி மாட்டுக் கொட்டகையில் ஒரு மாடு 'ம்மா' என்றது. பிறகு இரண்டு. பிறகு கொட்டகை முழுக்க. பம்புச் சத்தம் கேட்டால் கறக்க வருகிறார்கள் என்று முதல் கறவையின்போதே கற்றவை அவை.

பக்கவாசல் வழியாக ஒரு மாட்டுக்காரர் ஓடி வந்தார். "எவன்யா பம்பைப் போட்டது? என் மாடு மடி சுரந்து தரையில ஊத்துது! ஆறு மணிக்கு அதை நிறைஞ்ச மடியோட நான் காட்சிக்குக் கொண்டுபோகணும்!"

ஆர்டிஸ் அணைத்தாள். வாள் அடங்கியது, மாடுகள் அடங்கவில்லை.

ஹெஸ்டர் க்வாம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார். "இது உங்களோடதா? நான் தப்பா எழுதிட்டேனே" என்று சீட்டின் ஊசியில் கை வைத்தார்.

"கைய எடுங்க!" என்றாள் ஆர்டிஸ். "குத்தியாச்சு. எட்டாம் விதி."

வில்மர் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தவறாக எழுதியதற்காக அந்த அம்மாள்மீது ஒரு மணி நேரமாகக் கொதித்தவள், இப்போது திருத்த வந்ததற்காக அதைவிடக் கொதித்தாள்.

"தீர்ப்பை மாத்தக் கூடாது, சரி" என்றார் நார்பர்ட் நிதானமாக. "பொருளை மேசை மாத்தக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. அது கண்காணிப்பாளர் பொறுப்பு. பொம்மைக்கு மாடு பதில் சொல்லி நான் பார்த்ததில்ல." வாளைச் சீட்டோடு தூக்கிக் கைவினை மேசைகளின் பக்கம் நடந்தார். மின் கைவினை மேசையில் இதற்குள் யாரோ ஜாம் பாட்டில்களை அடுக்கிவிட்டிருந்தார்கள்.

"அங்க எங்க வைக்கிற? அது உன் வாத்து மேசை!"

"இடம் இங்கதான் இருக்கு. அடுத்த வருஷம் உனக்குத் தனி மேசை போட்டுக்கலாம்."

நன்றி என்று ஒரு சொல் அவள் வாய் வரை வந்து, வாத்துகளைப் பார்த்ததும் திரும்பிப் போனது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, 'பொத்தானை அழுத்தினால் பேசும்' என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் அது விளக்கவுரை என்று தோன்றியது. ஏழாம் விதி. தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டாள்.

சொருகியையும் அதே பைக்குள் போட்டுக்கொண்டாள். இனி யார் அழுத்தினாலும் வாள் பேசும், மாடுகள் பதில் சொல்லும். மாட்டுக்காரர்களுக்கு மனத்தாங்கல் இருந்தால் தாராளமாகப் புகார் எழுதலாம். புகார்களை விசாரிக்க மூன்று பேர் கொண்ட ஒரு குழு இருக்கிறது, அதில் ஆர்டிஸ் டெல்வோவும் ஒருத்தி.