பொட்டு வைத்த சி.டி.

அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். வெப்சைட் செய்து தருகிறோம் என்று வெளியே போர்டு மாட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்தான் அதிகம். கீழே இரும்பு கடையும்போது மேலே மேசையில் தேநீர் டம்ளர் நடுங்கும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், மூன்று பேர். முதலாளி, நான், அப்புறம் அவள்.

முதலாளியை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கீழே இருந்த பட்டறை அவருடைய கூடப்பிறந்த அண்ணனுடையது. தானும் கொஞ்ச காலம் அங்கே வேலை பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு மாடியேறிவிட்டார். ஆனால் பட்டறைப் பழக்கம் ஒன்றையும் கீழே விட்டு வரவில்லை. மானிட்டரை ஈரத் துணியால் துடைப்பார். மெஷின் சூடானால் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் ஓய்வு கொடு மாப்ள என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அவரோடு சண்டை போடாத நாள் எனக்குச் செரிக்காது.

அவள் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் பேசுவாள். நம்மளத்தான் வைகிறா என்று அண்ணன் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் அவள் காலேஜைப் பாதியில் விட்டவள். பட்டம் கிடையாது. ஆனால் அவள் செய்த பக்கங்களைப் பார்த்த பிறகு என்னுடையதைத் திறந்து காட்ட எனக்கே கூச்சமாக இருக்கும்.

அப்போதெல்லாம் இன்டர்நெட் டெலிபோன் கம்பி வழியாக வரும். வருவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓலமிடும். ஒரு படம் இறங்குவதற்குள் கீழே போய் வடை தின்றுவிட்டு வரலாம். அதனால் ஏதாவது நல்ல மென்பொருள் ஓசியில் கிடைத்தால் அதை உடனே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவள் அப்படிப் பிடித்து வைத்ததெல்லாம் ஒரே சி.டி.யில் இருந்தது. கோடிங் எழுதுகிற எடிட்டர், படத்தைச் சுருக்குகிற புரோகிராம், சர்வருக்கு ஏற்றி இறக்குகிற ஒன்று, விதவிதமான தமிழ் எழுத்துருக்கள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது, ஒரு வெப்சைட்டை அப்படியே முழுசாக இறக்கித் தருகிற புரோகிராம். பாடம் சொல்லித் தரும் தளங்களை அதை வைத்து இறக்கி, இணைப்பு இல்லாத நேரத்திலும் உட்கார்ந்து படிப்பாள். மற்ற கம்பெனிக்காரர்கள் அந்த சி.டி.யை இரவல் கேட்டு வருவார்கள். கொடுப்பாள். மறுநாளே, எதிர்வீட்டுக்குக் கொடுத்த இட்லிச் சட்டியைக் கேட்பது போலப் போன் போட்டுக் கேட்டு வாங்கிவிடுவாள்.

அந்த வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று பசுமலையில் ஒரு காலேஜுக்கு ஆள் எடுக்க வந்தது. விஜயதசமி அன்று காலையில் நேர்காணல். பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செய்த வேலையை சி.டி.யில் கொண்டு வந்து காட்டட்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதை அவளுக்காகப் பேசி வாங்கியவரே அண்ணன்தான். நம்மிடம் இருக்கிற ஒரே நல்ல ஆளை நாமே அனுப்புவதா என்று நான் கேட்டேன்.

"இம்புட்டு வேல தெரிஞ்ச புள்ளைய இந்த இரும்புச் சத்தத்துக்கு மேல எம்புட்டு நாளைக்கு உக்கார வைக்கிறது மாப்ள" என்றார்.

அவள் வீட்டிலும் ஒரு முடிவோடு இருந்தார்கள். வேலை கிடைத்தால் சென்னைக்கு அனுப்புவார்கள். கிடைக்காவிட்டால் இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் போதும். தீபாவளி சீசனிலிருந்து சொந்தக்காரர் ஜவுளிக் கடையில் கல்லாவில் உட்கார வேண்டும். இரண்டாவதைச் சொன்னபோது அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கீழே மெஷின்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு மாட்டினார்கள். மேலே அண்ணனும் தன் பங்குக்கு இரண்டு கம்ப்யூட்டரிலும் இருந்ததையெல்லாம் அழித்து ஃபார்மட் செய்தார். இது அவர் வருஷா வருஷம் செய்கிற காரியம். பூஜைக்கு வைக்கிற பொருள் உள்ளேயும் சுத்தமாக இருக்க வேண்டுமாம். நான் கத்திப் பார்த்து ஓய்ந்துபோன விஷயம் அது. ஃபார்மட்டுக்கு முன்னால் அவள் தன் வேலைகள் எல்லாவற்றையும் அதே டூல்ஸ் சி.டி.யில் கடைசியாக ஏற்றி வைத்தாள். இன்னொரு காப்பி போட வெற்று சி.டி. இல்லை. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

பூஜையன்று அவள் வந்தபோது அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், போன் ரிசீவர் வரைக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். நடுவில் வாழை இலையில் பொரிகடலைக்கு முன்னால் அவளுடைய சி.டி. பளபளக்கிற பக்கம் மேலே தெரிய, ஓரத்தில் நான்கு பக்கமும் பட்டை அடித்து, பெரிய பெரிய பொட்டாக வைத்திருந்தார்.

"ஒன் ஆயுதம் இதானம்மா. அதான் நடுவுல வச்சேன்" என்றார் அண்ணன், முகமெல்லாம் சிரிப்பாக.

எழுதியதெல்லாம் அந்தப் பளபளக்கிற பக்கத்தில்தான் இருக்கும். அவள் முகத்தைப் பார்த்த அண்ணனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. தப்பாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே சி.டி.யை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் தட்டைத் துடைப்பது போலச் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டார். காய்ந்த சந்தனமும் விபூதியும் சேர்ந்து வட்ட வட்டமாகக் கீறின. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பல் கூசியது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. அதை மீறினால் வருஷம் முழுக்க மெஷின் படுத்தும் என்று நம்புகிறவர் அவர். அவரே கம்ப்யூட்டரில் இருந்த மாலையைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். சத்தம் கேட்டு அவருடைய அண்ணன் பாதிப் படி வரை ஏறி வந்தார். மாலை கழற்றிய கம்ப்யூட்டரையும் தம்பியையும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

சி.டி. உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. முதலில் ஏற்றிய டூல்ஸ் எல்லாம் உள்வட்டத்தில் பத்திரமாக இருந்தன. கடைசியில் ஏற்றிய அவள் வேலைகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

திட்டுவதற்கு எனக்கு வாய் வரை வந்தது. அண்ணன் நின்ற நிலையைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவள்தான் முதலில் தேறினாள். செய்த சைட்டுகள் எல்லாம் இன்டர்நெட்டில்தானே இருக்கின்றன, இறக்குகிற புரோகிராமும் நன்றாக இருக்கிறது, திரும்ப இறக்கிவிடலாம் என்றாள். ஆனால் அலுவலக இணைப்புக்குக் காசு கட்டி வாங்கியிருந்த மணிக்கணக்கு தீர்ந்திருந்தது. ஊரில் இருந்த பிரவுசிங் சென்டர்களில் எல்லாம் அன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பூட்டியிருந்தார்கள்.

மகபூப்பாளையத்தில் பாய் ஒருவர் சென்டர் வைத்திருந்தது அண்ணனுக்கு நினைவு வந்தது. ஷேர் ஆட்டோக்கள் வாழைக்கன்றோடு ஓய்வில் நின்றன. டவுன் பஸ் பிடித்துப் போனோம். கடை திறந்திருந்தது. அண்ணன் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பாய் சிரிக்காமல் கேட்டார். பிறகு, கேம்ஸ் ஆடிக்கொண்டிருந்த இருவரை எழுப்பிவிட்டு நல்ல மெஷினை அவளுக்குக் கொடுத்தார்.

மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு படமாக இறங்கியது. ஜவுளிக் கடை ஒன்றுக்கு அவள் செய்திருந்த சைட்டில் சேலைப் படங்கள் அதிகம். ஒவ்வொரு சேலையும் மேலிருந்து கீழே கோடு கோடாக வந்தது. அண்ணன் உட்காரவே இல்லை. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும், எல்லாம் வந்துருச்சாம்மா என்று கேட்பார். பொழுது சாய்கிற நேரத்தில் பாய் அதையெல்லாம் புது சி.டி.யில் எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அண்ணன் கொண்டு வந்திருந்த பொரிகடலைப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, இதையாச்சும் சாமிகிட்ட காட்டாம நேரா தங்கச்சி பையில வைங்க" என்றார்.

மறுநாள் பசுமலையில் அவர்கள் அந்த சி.டி.யை மெஷினில் போட்டு, பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தார்களாம். கடைசியில், எப்போது வந்து சேர முடியும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். அவள் இதைச் சொன்னபோது அண்ணன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், கூடவே தாங்க முடியாத வருத்தம். மேசை காலியாகப் போகிறதே என்றிருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சென்னையிலிருந்து போன் செய்தாள். அவர்கள் ஆபீசில் மெஷினுக்கு லீவு கிடையாதாம். அவளே ஒரு பொட்டு மட்டும் கீபோர்டு ஓரத்தில் வைத்துக்கொண்டாளாம். இந்த வருஷமும் ஃபார்மட் செய்தீர்களா, ஒழுங்காகக் காப்பி எடுத்தீர்களா என்று அண்ணனைக் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

நானும் அப்போதுதான் யோசித்தேன். முந்தின நாள் அவர் மானிட்டரைத் துடைத்தார், மேசையைக் கழுவினார், உன் மெஷினை மட்டும் ஃபார்மட் பண்ணிக்கோ மாப்ள என்று என்னிடம் சொன்னார். அவள் உட்கார்ந்த மெஷினைத் தொடவே இல்லை. புது சி.டி.யில் இருந்ததையெல்லாம் அவள் சென்னைக்குப் போகுமுன் அதில்தான் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"இல்லம்மா, பண்ணல" என்றார் அண்ணன். "நீ செஞ்சதெல்லாம் அதுல இருக்குல்ல. அத எப்பிடி அழுக்குன்னு நெனைக்கிறது."

அவள், சரிண்ணே, வச்சிர்றேன் என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.