சீப்ரன் தூக்கிய சிவப்புக் கொடி

அகல உழுவதைவிட ஆழ உழு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஹில்கா பிறந்ததே அந்தப் பழமொழியைப் பொய்யாக்கத்தான். நன்றாக ஓடுவாள், ஆனால் அவளைவிட வேகமாக ஓட ஊரிலேயே ஒருத்தி இருந்தாள். உயரம் தாண்டுவாள், இன்னும் உயரமாகத் தாண்ட அடுத்த ஊரில் ஒருத்தி இருந்தாள். குண்டு எறியப் போனால், கன்றுக்குட்டிகளைத் தூக்கித் தூக்கியே தோள் வளர்த்த பால்பண்ணைக்காரர் மகள் ஒருத்தி சிரித்துக்கொண்டே அவளைத் தோற்கடிப்பாள். எதிலும் முதலாவது கிடையாது, எதையும் விடவும் மனசு வராது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே யாரோ ஒரு புண்ணியவான் ஹெப்டத்லானைக் கண்டுபிடித்து வைத்தான். இரண்டு நாளில் ஏழு போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி, கூட்டிப் பார்த்தால் யாருக்கு அதிகமோ அவளே ஜெயித்தவள்.

அவள் தாண்டப் பழகியது மைதானத்தில் அல்ல. அவள் ஊரான வெஸ்டர்ஹிம்மில் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே பாலம் இருக்கும் வழி ஒன்று, வாய்க்கால்களைத் தாண்டிப் போகிற குறுக்கு வழி ஒன்று. அவள் எந்த வழியில் போவாள் என்று சொல்லவே வேண்டாம். பாதி நாள் தாண்டிவிடுவாள், பாதி நாள் இடுப்புவரை சேறு. துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்த அம்மா ரென்ஸ்கா ஒருநாள் அவளை இழுத்துக்கொண்டுபோய் ஊர்த் தடகளக் கழகத்தில் சேர்த்துவிட்டாள்.

"இங்கயும் குதிக்கத்தான் போறா. ஆனா மணல். உதறினா போயிடும்," என்றாள்.

பிள்ளையைச் சேர்த்தால் பெற்றவர்களையும் சேர்த்த மாதிரி. அந்தக் கழகத்தில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஒருவர் கேன்டீனில் உருளைக்கிழங்கு பொரிப்பார், ஒருவர் மணலைக் கிளறுவார், ஒருவர் மைக்கில் தப்பும் தவறுமாகப் பெயர் வாசிப்பார். பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற அப்பா சீப்ரன், நடுவர் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தார். நீளம் தாண்டுதலில் உதைபலகை ஓரம் நாற்காலி போட்டு உட்காருவார். ஒரு கையில் வெள்ளைக் கொடி, மறு கையில் சிவப்பு, சட்டைப் பையில் பெப்பர்மிண்ட் சுருள். பலகையைத் தாண்டிக் கால் பட்டால் களிமண் பட்டையில் தடம் விழும், சிவப்பு எழும். மகளாவது மண்ணாங்கட்டியாவது. அவளுடைய பத்தாவது வயதிலேயே, எல்லாக் குழந்தைகளுக்கும் மிட்டாய் கொடுத்த ஒரு விளையாட்டு நாளில், அவளுக்குச் சிவப்பைக் காட்டி அழவைத்தவர் அவர்.

அழுதாலும் அவள் விடவில்லை. பதினாறு வயதில் இளையோர் பதக்கம் ஒன்று வந்தது. பத்தொன்பதில் தொடைத் தசை கிழிந்து ஒரு வருஷம் சும்மா கிடந்தாள். அந்தச் சும்மா கிடந்த வருஷத்தில்தான் தன் தொடையை இயன்முறை மருத்துவர் எப்படிப் பிசைகிறார் என்று பார்த்துப் பார்த்து, தானும் அதையே படிக்கப் போனாள். சனிக்கிழமைகளில் பேக்கரியில் சர்க்கரை ரொட்டி விற்றாள். பழைய வேகம் திரும்பியது. ஒன்று மட்டும் வரவில்லை. நீளம் தாண்டுதலில் ஆறு மீட்டர். ஐந்து தொண்ணூறைத் தாண்டி, அதற்கும் மேலே கொஞ்சம் போய், ஆறைத் தொடாமல் நிற்பாள். அந்த ஆறு அவளுக்குப் பெரிய வாய்க்காலாகவே இருந்தது.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டிக்கு இதுதான் கடைசி வருஷம். நாட்டுக்கு மூன்று பேர்தான். இரண்டு இடம் நிரம்பிவிட்டது. மூன்றாவதில் நாட்டின் இன்னொரு மூலையான லிம்பர்க்கைச் சேர்ந்த ஒரு பெண், தன் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஊரில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவளை முந்த ஹில்காவுக்கு ஒரே ஒரு வாரக்கடைசிதான் பாக்கி. அதுவும் சொந்த ஊர் மைதானத்தில்.

சனிக்கிழமை நான்கு போட்டிகளும் வெண்ணெயில் கத்தி போனதுபோல் போயின. அன்றைக்கு ரென்ஸ்காவின் பிறந்தநாளும் கூட. வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உறவும் அக்கம்பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்கள் ஒருவர் விடாமல் கை குலுக்கி வாழ்த்த வேண்டும், பிறந்தநாள்காரியை மட்டுமல்ல. "உன் அம்மாவுக்காக வாழ்த்துகள்", "உன் மனைவிக்காக வாழ்த்துகள்", "உங்க பக்கத்து வீட்டம்மாவுக்காக வாழ்த்துகள்". ஹில்கா முழு வட்டமும் சுற்றி முடித்தபோது, இருநூறு மீட்டர் ஓட்டமே பரவாயில்லை என்று தோன்றியது.

ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் கேக்கோடு எல்லோரும் உட்கார்ந்தபோது பயிற்சியாளர் மார்லீன் பேச்சை எடுத்தாள்.

"சீப்ரன், நாளைக்குத் தாண்டுற இடத்துல பலகைக்கு யாரு?"

"நான்தான்."

"வேற யாரையாவது உக்கார வைக்கலாமில்ல? உன் மக வாழ்க்கையே அதுல இருக்கு."

"ஜனவரியிலயே நாட்குறிப்புல எழுதியாச்சு."

"எழுதினா என்ன, கல்வெட்டா?"

"எனக்குப் பதில் ஒருத்தர் வந்தா அவர் வேலைக்கு இன்னொருத்தர் வரணும். அப்புறம் உருளைக்கிழங்க யாரு பொரிக்கிறது?"

வட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். உண்மைதான், எழுதி வைத்ததை மாற்றினால் ஊர் என்னத்துக்கு ஆகும். அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே இப்படி ஒரு புத்தி வரும்.

"அவர் இருக்கட்டும் மார்லீன்," என்றாள் ஹில்கா. "நான் பலகையைத் தாண்டாம தாண்டினா யார் உக்காந்தா என்ன?"

வாய்க்கொழுப்பு. மறுநாளே பதில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதுகுப் பக்கமிருந்து காற்று. முதல் முயற்சியில் அந்தக் காற்று அவளைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பலகையை விட்டு ஒரு சாண் தள்ளி மிதிக்க வைத்தது. சிவப்பு. அதில் அவளுக்குக் கோபம் இல்லை. இரண்டாவது முயற்சியில் ஓட்டத்தின் தொடக்கத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தாள். ஓடினாள், மிதித்தாள், எழும்பினாள். காற்றில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. இவ்வளவு நேரம் அவள் தரையை விட்டு இருந்ததே கிடையாது. மணலில் விழுந்த இடத்தைப் பார்த்துக் கூட்டம் ஓவென்று இரைந்தது.

திரும்பிப் பார்த்தாள். அப்பா களிமண் பட்டை மேல் மூக்கு உரசும் அளவு குனிந்திருந்தார். நிமிர்ந்தார். சிவப்புக் கொடி எழுந்தது.

"அப்பா," என்றாள் பலகைக்கு வந்து. "எங்க இருக்கு?"

அவர் விரலால் காட்டினார். பெருவிரல் நுனி அளவுக்கு, பூனை நக்கிய மாதிரி ஒரு தடம்.

"இதையா? இதையெல்லாம் ஒரு மனுஷன் பார்ப்பானா?"

"பார்க்கத்தான் உக்காத்தி வெச்சிருக்காங்க."

"எவ்வளவு தூரம்னாவது சொல்லு."

"ஃபவுலுக்கு அளவு கிடையாது."

சொல்லிவிட்டு அவர் மணற்குழிப் பக்கம் நடந்தார். மண் கிளற வந்தவரைக் கை காட்டி நிறுத்தி, குழி ஓரத்தில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டார். மகள் வாழ்க்கை கவிழ்ந்து கிடக்கும்போது இந்த மனுஷனுக்கு நாடா ஒரு கேடா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவதும் கடைசியுமான முயற்சியில் பலகைக்கு வெகு பின்னாலேயே பத்திரமாக மிதித்து, சுமாரான ஒரு தாண்டலைப் பதிவு செய்தாள். அதுவும் தப்பியிருந்தால் பூஜ்யம். அப்பாவைப் பார்க்காமலே பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கோபம் ஈட்டிக்கு நல்லது. அன்றைக்கு அவள் எறிந்த ஈட்டி அதுவரை போகாத தூரம் போனது. இருந்தும் கணக்குப் போட்டு வந்த மார்லீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசிப் போட்டியான எண்ணூறு மீட்டரை ஹில்கா இதுவரை ஓடியதைவிட நான்கு விநாடி குறைவாக ஓட வேண்டும். குதிரைக்குக்கூட ஒரே நாளில் அது நடக்காது.

ஓட்டக் கோட்டில் பக்கத்தில் நின்றவள் பிரிட். அவளும் லிம்பர்க்காரிதான், ஆனால் ஐரோப்பியப் போட்டிக்கான முதல் இடத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவள், பன்னிரண்டு வயதிலிருந்து ஏழு போட்டிகளிலும் ஹில்காவோடு மோதி வருகிறவள். யாருக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"என் முதுகை மட்டும் பாரு," என்றாள் பிரிட். "காத்தை நான் தின்னுக்கிறேன்."

"உன் கோச் கொன்னுடுவாரு."

"ரெண்டு நாளா கத்திக்கிட்டேதான் இருக்காரு. இன்னும் கொஞ்சம் கத்தட்டும்."

முதல் சுற்று முழுக்க பிரிட்டின் முதுகைத் தவிர ஹில்கா எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் எதிர்க்காற்றுப் பக்கம் திரும்பியபோது அவள் கால்கள் இரண்டும் அடுத்தவருடையவை ஆகிவிட்டன. கடைசி வளைவில் பிரிட் ஒதுங்கி வழிவிட்டு, "போடி," என்றாள். போனாள். கோட்டைத் தாண்டி விழுந்து கிடந்தபோது மைக்கில் மார்லீனின் அண்ணன் அவள் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாமல் அலறிக்கொண்டிருந்தார். முந்திவிட்டாள். அந்த மூன்றாவது இடத்துக்காரியின் புள்ளியை, மயிரிழையில்தான், ஆனால் முந்திவிட்டாள். ஏழு போட்டிக்காரிகளின் வழக்கப்படி எல்லோரும் கைகோத்து, நொண்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார்கள்.

சுற்று முடிவதற்குள் வில்லங்கம் வந்துவிட்டது. பிரிட்டின் கோச் ஹூப், தலைமை நடுவர் அம்மாளின் மேசைக்கு முன்னால் நின்றார். ஊரில் உட்கார்ந்திருந்த அந்த மூன்றாவது இடத்துப் பெண்ணும் அவர் சிஷ்யைதான். வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும்.

"பலகையில உக்காந்திருந்தது அந்தப் பொண்ணோட அப்பா. இது எந்த ஊர் நியாயம்? இந்தப் புள்ளி செல்லாது."

ஹில்கா நொண்டிக்கொண்டே மேசைக்கு வந்தாள். மார்லீன் கெஞ்சியபோதே மாற்றியிருந்தால் இப்போது பேச்சே இல்லை. நாட்குறிப்பில் எழுதினாராம். கொடியால் பாதி கெடுத்தவர், நாற்காலியால் மீதியையும் கெடுக்கப் போகிறார்.

தலைமை நடுவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஹூப், அந்த அப்பா தன் மகளுக்கு என்ன காட்டினார்னு பார்த்தீங்களா?"

"இல்ல, நான் பிரிட்டோட அடுத்த குழிப் பக்கம் இருந்தேன்."

"ரெண்டு சிவப்பு. அதுல ரெண்டாவது, இந்த மைதானத்துலயே இந்த வருஷத்துப் பெரிய தாண்டல். நான் பின்னாடிதான் நின்னேன். நானா இருந்தா அந்தத் தடம் கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "அவர் தன் மகளுக்குப் பாதகமா நடந்தார்னு வேணா ஒரு புகார் எழுதுங்க. சாதகமான்னு எழுதினா ஊரே சிரிக்கும்."

ஹூப், நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது, தானே முதலில் சிரித்தார். நேராகக் கேன்டீனுக்குப் போய் சீப்ரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மகளுக்காக வாழ்த்துகள்." பிறகு மார்லீன், பிரிட், உருளைக்கிழங்கு பொரித்தவர் என்று வரிசையாக வந்து அதையே சொன்னார்கள். சீப்ரன் ஒவ்வொருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஹில்கா மட்டும் போகவில்லை. அந்தக் கொடிதான் தன்னைக் காப்பாற்றியது என்று புத்திக்குத் தெரிந்தது. மனசு இன்னும் முறுக்கிக்கொண்டு நின்றது.

ரென்ஸ்கா பைகளை எல்லாம் காரில் போட்டுக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் சைக்கிள்ல வாங்க. காத்து பட்டா வாய் திறக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எதிர்க்காற்று. அப்பா முன்னால் மிதித்தார், அவள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். கால்கள் இரண்டும் கட்டையாகிவிட்டன. அகலமான அந்த முதுகு இல்லாவிட்டால் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள். ஆட்டுப் பண்ணையைத் தாண்டினார்கள்.

"ஒரு பெப்பர்மிண்ட் குடேன்," என்றாள் கடைசியில்.

"தீந்து போச்சு. கடைசி ஒண்ணைக் குழி ஓரத்துல வெச்சேன்."

"குழி ஓரத்துலயா, எதுக்கு?"

அவர் திரும்பிப் பார்க்காமலே மிதித்தார். பாலம் ஏறி இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஆறு பதினொண்ணு."

ஹில்காவின் கால் நின்றுவிட்டது. சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் உருண்டது.

"ஃபவுலுக்கு அளவு கிடையாதுன்ன."

"நடுவருக்குக் கிடையாது. டூட்டி முடிஞ்சு எல்லாரும் கேன்டீனுக்குப் போனப்புறம் அளவு நாடாவைப் பிடிச்சேன். நீ விழுந்த தடத்துக்கு நேரா வெச்ச பெப்பர்மிண்ட்லேர்ந்து பலகை வரைக்கும்." கொஞ்சம் தயங்கினார். "ஆறு பதிமூணு வந்துது. உன் விரல் தாண்டினதுக்கு ரெண்டு சென்டிமீட்டர் கழிச்சுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது. மிதித்து அவருக்குப் பக்கத்தில் வந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"உன் மகளுக்காக வாழ்த்துகள்ப்பா."

சீப்ரன் தன் கையை எடுத்து அவள் கையைப் பிடித்து, பிறந்தநாள் வீட்டில் குலுக்குவது மாதிரி மூன்று முறை ஒழுங்காகக் குலுக்கினார்.

"நன்றி," என்றார். "பின்னாடி வா, காத்து அதிகமா இருக்கு."